சைக்கிள் ஓடினால் முழங்கால் நோகுதா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த காலத்தில், கொட்டிலில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் றோட்டுக்கு வந்தன. பிறகு பெற்றோல் கிடைத்ததும் சிலர் சைக்கிளைத் திரும்பவும் சுவரில் சாத்திவிட்டார்கள். பலர் விடவில்லை. வேலைக்கும் சந்தைக்கும் போகிறவர்கள், விடியற்காலையில் கல்லடிப் பாலத்தால் உடற்பயிற்சிக்கு ஓடுகிறவர்கள் என்று எல்லோரிடமிருந்தும் வருகிற முறைப்பாடு ஒன்றுதான்: முழங்கால்.

நான் வைத்தியன் இல்லை. நெடுநாளாகச் சைக்கிள் ஓடுகிறவன், பையில் ஸ்பனரும் அளவு நாடாவும் வைத்திருப்பவன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முன்னுக்குச் சொன்னதைப் பின்னுக்குத் திரும்பச் சொல்லவில்லை, ஆகவே மேலிருந்து வாசிப்பது நல்லது.

சைக்கிள் ஓடினா முழங்கால் தேஞ்சு போகுமா அண்ணன்?

இல்லை. நடக்கும்போதும் ஓடும்போதும் உடம்புப் பாரம் முழுக்க முழங்காலில் இறங்குகிறது. சைக்கிளில் அந்தப் பாரத்தில் பெரும்பகுதியைச் சீற் வாங்கிக்கொள்கிறது. மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கே சைக்கிள் உழக்கச் சொல்லும் வைத்தியர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு 70 சுற்று உழக்கினால் ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,200 தடவை மடங்கி நிமிரும். சீற் இரண்டு விரல் பதிவாக இருப்பது ஒரு தடவைக்கு ஒரு பிரச்சினையே இல்லை. 4,200 தடவைக்கு அது பிரச்சினைதான். பழுது பெரும்பாலும் காலில் இல்லை, வயதிலும் இல்லை. சைக்கிள் உங்கள் அளவுக்குப் பூட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

எவ்விடத்தில நோகுது எண்டு சொன்னா காரணம் சொல்ல ஏலுமா?

ஓரளவுக்கு ஏலும். முழங்காலுக்கு முன்பக்கம், முழங்காற்சில்லைச் சுற்றி நோகுது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பதிந்த சீற். கால் அதிகம் மடங்கிய நிலையில் பலம் கொடுத்தால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும். சீற் மிகவும் முன்னுக்கு இருந்தாலும், பாரமான கியரில் மெதுவாக உழக்கினாலும் அதே இடம்தான் நோகும். எங்கள் பக்கம் நான் பார்ப்பதில் கூடுதலானது இந்த வகை.

முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில் இழுத்துப் பிடித்தால் கதை மறுபக்கம். சீற் உயரம் கூடிவிட்டது அல்லது மிகவும் பின்னுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு சுற்றிலும் காலை நீட்டி எட்டி எட்டி உழக்குகிறீர்கள்.

வெளிப்பக்கம் நோவதற்குத் தொடையின் வெளிப்புறமாக இறங்கி வரும் தடித்த நார்ப்பட்டி முழங்காலருகில் உரசுவது ஒரு காரணம். உயர்ந்த சீற்றும், பாதத்தை உள்நோக்கித் திருப்பி வைப்பதும் அதைக் கூட்டும். உள்பக்கம் நோகிறவர்கள் தங்கள் முழங்கால் உழக்கும்போது வெளியே அகன்று போகிறதா, பாதம் வெளிநோக்கித் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை தொடங்குவதற்கான குறிப்புகள்தான், தீர்ப்பு அல்ல.

சரி, சீற்றை எவ்வளவு உயரத்தில வைக்கிற?

ஆயுதம் எதுவும் வேண்டாத வழி குதிக்கால் வழி. சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் நேராக இருங்கள். பெடலை ஆகக் கீழே கொண்டுபோய் அதில் குதிக்காலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் கால் மட்டும் நேராக நிமிர வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்காலில் இலேசான மடிப்பு தானாக வரும். அந்த மடிப்பு 25 முதல் 35 பாகைக்குள் இருப்பது நல்லது என்பதுதான் பொதுவான கணக்கு.

அளந்து வைக்க விருப்பம் என்றால் இன்னொரு முறை. வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கவட்டுக்குள் இறுக்கி வைத்து, நிலத்திலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883 ஆல் பெருக்குங்கள். 76 சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 67 வரும். கிராங் (பெடல் பூட்டியிருக்கும் தண்டு) சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீற் கம்பியின் போக்கிலேயே சீற்றின் மேல்பக்கம் வரை அந்த 67 இருக்க வேண்டும். 1986, 1989, 1990 ஆம் ஆண்டுகளில் பிரான்ஸ் சுற்றோட்டத்தை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமண்டின் பெயரால் இந்தக் கணக்கு பரவியது. பந்தயக்காரருக்காக வந்த கணக்கு என்பதால், செருப்போடு சந்தைக்குப் போகிறவர் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் குறைத்து வைத்தாலும் குற்றமில்லை.

அப்பிடி வெச்சா கால் நிலத்தில எட்டுதில்லையே. விழுந்துர மாட்டனா?

இந்தக் கேள்விதான் ஆணிவேர். எங்கள் ஊரில் சீற்றின் உயரத்தைத் தீர்மானிப்பது முழங்கால் இல்லை, பயம். இரண்டு பாதமும் நிலத்தில் பதிய வேண்டும் என்று சீற்றை இறக்குகிறோம், பிறகு சிரட்டைக்குள் இருப்பது போல மடங்கி உழக்குகிறோம்.

நிற்கும்போது சீற்றில் இருந்துகொண்டே நிற்கத் தேவையில்லை. பிரேக்கைப் பிடித்து, ஒரு பெடல் கீழே இருக்கும்போது அதில் ஊன்றி எழும்பி, சீற்றுக்கு முன்னால் இறங்கி மற்றக் காலை நிலத்தில் வைக்க வேண்டும். கிளம்பும்போது ஒரு பெடலை உயர்த்தி அதில் ஏறி நின்ற பிறகுதான் இருப்பது. ஆளில்லாத மைதானத்தில் ஒரு பின்னேரம் பழகினால் போதும். சீற்றையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். ஐந்து மில்லிமீற்றர் ஏற்றி, சில நாள் ஓடி, பிறகு இன்னும் ஐந்து.

சேலை, அபாயா, சாரத்தோடு ஓடுகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இப்படி ஏறி இறங்குவது கஷ்டம். காத்தான்குடி மெயின் றோட்டில் பின்னேர நெரிசலில் அடிக்கடி கால் ஊன்றவும் வேண்டியிருக்கும். அவர்கள் சீற்றைக் கொஞ்சம் பதிவாகவே வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாகக் கியரை இலேசாக்க வேண்டும். அது எப்படி என்பது கீழே கச்சான் காற்றைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

சீற்ற முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளலாமாமே, அது எதுக்கு?

சீற்றுக்குக் கீழே உள்ள கிளிப்பைத் தளர்த்தினால் தள்ளலாம். பழைய சைக்கிள்களில் பொதுவாக 13 அல்லது 14 ஆம் நம்பர் ஸ்பனர், புதியவற்றில் அலன் கீ. ஒரு நூலில் நட் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். சைக்கிளில் இருந்து, இரண்டு பெடலும் நிலத்துக்குச் சமாந்தரமாக வரும்படி நிறுத்தி, முன்னுக்கு இருக்கும் காலின் முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து நூலைத் தொங்கவிட்டால் அது பெடல் அச்சை ஒட்டி விழ வேண்டும். இது சட்டமில்லை, இதை ஏற்காத நிபுணர்களும் உண்டு. தொடங்குவதற்கு ஓர் இடம் வேண்டும், அதற்கு இது போதும்.

சீற்றைப் பின்னுக்குத் தள்ளினால் பெடல் தூரமாகும், அதாவது உயரமும் கொஞ்சம் கூடின மாதிரி. ஆகவே தள்ளிய பிறகு குதிக்கால் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சீற் மட்டமாக இருக்கட்டும். மூக்கு கீழே சாய்ந்தால் நீங்கள் வழுக்கி வழுக்கி முன்னுக்கு வருவீர்கள், அந்தப் பாரமும் முழங்காலுக்குத்தான்.

சீற் கம்பி துருப்பிடிச்சி இறுகிக் கிடக்கு. அசைக்கவே ஏலாது.

கடற்கரை ஊர்களில் இது இல்லாத வீடு குறைவு. கிளிப்பைக் கழற்றி, கம்பி பிரேமுக்குள் இறங்கும் இடத்தில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் மேலே இழுக்க வேண்டாம், சீற்றைப் பிடித்து இடம் வலமாகத் திருகுங்கள். வராவிட்டால் திரும்பவும் எண்ணெய். சுத்தியலால் அடித்துப் பிரேமை நெளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, கிறீஸ் பூசி இறக்குங்கள்.

கம்பியில் ஒரு கோடு அடித்திருப்பார்கள். அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது, கம்பி முறியும். உயரம் போதாவிட்டால் நீளமான கம்பி வாங்கலாம். பழைய கம்பியைக் கடைக்குக் கொண்டுபோங்கள், தடிப்பு ஒரு மில்லிமீற்றர் மாறினாலும் பொருந்தாது.

காக்கா, என்ட சைக்கிள்ல கியரே இல்ல. கச்சானுக்குள்ள உழக்கினா முழங்கால் பிடிக்குது. என்ன செய்ற?

எங்கள் இரண்டு மாவட்டத்திலும் கரையோரத்தில் ஏற்றம் கிடையாது, அதற்கு ஈடாகக் காற்று இருக்கிறது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அதே வேகத்தில் எதிர்க்காற்று வந்தால், உங்கள் நெஞ்சில் படும் காற்றின் வேகம் இரட்டிப்பு, தள்ளும் விசை நான்கு மடங்கு. ஒற்றைக் கியர் சைக்கிளில் அது மலை ஏறுவதற்குச் சமம். முழங்கால் பிடிக்காமல் என்ன செய்யும்?

செலவில்லாத வழி, நேரத்தை மாற்றுவது. கச்சான் காலத்தில் விடியற்காலை காற்று பொதுவாகத் தணிவாக இருக்கும். உடற்பயிற்சிக்குப் போகிறவர்கள் எதிர்க்காற்றில் போய் பின்காற்றில் திரும்புங்கள். வலையிறவுப் பாலத்தால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போய்வருகிறவர்களுக்கு அந்த வசதி தானாக அமைகிறது, ஏனென்றால் கச்சான் தரைப்பக்கமிருந்துதான் வீசும். களைத்த காலோடு திரும்பும்போது காற்று முகத்தில் அடிப்பதுதான் மோசம்.

கொஞ்சம் செலவு செய்தால் பின்சில்லில் உள்ள பிரீவீலை மாற்றலாம். 18 பல்லுக்குப் பதிலாக 20 பல் போட்டால் ஒவ்வொரு மிதியும் பத்து வீதம் இலேசாகும். 22 என்றால் இன்னும். செயினில் ஒரு துண்டு கூட்ட வேண்டி வரலாம். வேகம் கொஞ்சம் குறையும்தான். ஊருக்குள் ஓடுகிறவர், சீற்றைப் பதிவாக வைத்திருப்பவர், பாரம் ஏற்றுகிறவர் ஆகிய மூவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ரயருக்குக் காற்று ஒழுங்காக அடிப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றுக் குறைந்த ரயரும் கியரைப் பாரமாக்கியதற்குச் சமம்.

கியர் சைக்கிள் வாங்கியிருக்கன். எந்தக் கியர்ல ஓடுற?

கியர் நம்பரைப் பார்க்காதீர்கள், சுற்றை எண்ணுங்கள். 15 வினாடிக்குள் வலது முழங்கால் எத்தனை தடவை மேலே வருகிறது? 20 என்றால் நிமிடத்துக்கு 80. 80 முதல் 90 வரை நல்ல இலக்கு, புதிதாகத் தொடங்குகிறவருக்கு 70 போதும். 60 க்குக் கீழே போனால் ஒரு கியர் இறக்குங்கள். ஆகப் பாரமான கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு உழக்குவது பலசாலிக்கு அடையாளம் என்று நம் பொடியன்கள் நினைக்கிறார்கள். கச்சான் கேள்விக்குச் சொன்னதையெல்லாம் உங்களுக்கு ஒரு விரல் செய்யும், அந்த விரலைப் பாவிக்கத்தான் காசு கொடுத்து வாங்கினீர்கள்.

பிள்ளைய பார்ல இருத்தித்தான் ஸ்கூலுக்கு கொண்டு போறன். நோவுக்கு அதுவும் காரணமா?

காரணமாக இருக்கலாம். பாரில் பிள்ளை இருந்தால் உங்கள் முழங்கால் நேராக மேலே வர இடமில்லை, இரண்டும் வெளியே விரிந்து விரிந்து சுற்றும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ நோவதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர்க் கானையோ மீன் பெட்டியையோ பாரில் கட்டுகிறவர்களுக்கும் இதே கதை. பாரத்தைக் கரியருக்கு மாற்றுங்கள்.

பிள்ளையைக் கரியரில் இருத்துவதானால் முதுகுச் சாய்வும் கால்வைப்பும் உள்ள சிறுவர் இருக்கை பூட்டுங்கள், சில்லுப் பக்கத்தை மறைப்பால் மூடுங்கள். பிள்ளையின் குதிக்கால் சில்லுக் கம்பிக்குள் போவது சாதாரணக் காயம் அல்ல, சதையே பிய்ந்து வரும். உங்கள் முழங்காலைக் காப்பாற்றப் போய் பிள்ளையின் காலைக் கொடுக்க வேண்டாம்.

பாட்டாவோட ஓடலாமா, ஷூ கட்டாயமா?

பக்கத்துக் கடைக்கு பாட்டா போதும். தூரம் போகிறவர்கள் அடி வளையாத செருப்போ ஷூவோ போடுவது நல்லது. அதைவிட முக்கியம், பாதத்தின் எந்த இடம் பெடலில் இருக்கிறது என்பது. பெருவிரலுக்குக் கீழே உள்ள அகன்ற பகுதி பெடல் அச்சுக்கு மேலே இருக்க வேண்டும். பாட்டா வழுக்கும் என்று பலர் பாதத்தின் நடுவையோ குதிக்காலையோ வைத்து உழக்குவார்கள். அப்படிச் செய்பவருக்குச் சரியாக வைத்த சீற்கூட உயரமாகிவிடும்.

ஷூவைப் பெடலோடு பூட்டும் வகை வாங்கியவர்கள் கவனம். ஷூவின் அடியில் உள்ள கிளீற் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பாதம் அதே கோணத்தில் சிறைப்படும், முழங்கால் முறுகும். மேசையில் இருந்து காலைத் தொங்கவிட்டால் உங்கள் பாதம் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தக் கோணத்திலேயே கிளீற்றைப் பூட்டுங்கள்.

எனக்கு ஒரு கால் மட்டும்தான் நோகுது. மற்றது ஒண்டும் இல்ல.

அப்படியென்றால் முதலில் சைக்கிளைச் சந்தேகப்படுங்கள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, கிராங்கைப் பின்பக்கமாகச் சுற்றி, பின்னால் இருந்து பெடலைப் பாருங்கள். பெடல் ஆடி ஆடிச் சுற்றினால் எப்போதோ விழுந்ததில் அச்சு வளைந்திருக்கிறது. பழைய வகைச் சைக்கிளில் உழக்கும்போது ஒரு பக்கம் "டக்" என்றால் கிராங்கை அச்சோடு இறுக்கும் கொட்டர் பின் தளர்ந்திருக்கும். சீற் நேராகப் பார்க்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் நேராக இருந்தால் உங்களைப் பார்க்க வேண்டும். இரண்டு காலின் நீளத்தில் சில மில்லிமீற்றர் வித்தியாசம் பலருக்கும் உண்டு, அதுவே பிரச்சினை என்று முடிவெடுக்க வேண்டாம். ஆனால் பழைய எலும்பு முறிவோ வெடிக்காயமோ ஒரு காலைக் குறுக்கியிருந்தால், சீற்றைக் கட்டையான காலின் அளவுக்கு வைத்துத் தொடங்குங்கள்.

ஹாண்டில் உயரத்தால முழங்கால் நோகுமா?

நேரடியாக இல்லை. ஹாண்டில் பதிவாகவோ தூரமாகவோ இருந்தால் முதுகு, கழுத்து, கை நோகும். ஆனால் எட்ட முடியாமல் சீற்றின் மூக்கில் வந்து இருக்கத் தொடங்கினால் முழங்காலுக்கும் வினைதான்.

முறையா பைக் ஃபிற் செய்ய கொழும்புக்குத்தான் போகணுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. முறையான ஃபிற், அதாவது சைக்கிளை ஆளின் அளவுக்குப் பூட்டுவது, செய்கிறவர்கள் பழைய காயங்களைக் கேட்பார்கள், உடம்பு எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பார்கள், உழக்கும்போது வீடியோ எடுத்துக் கோணங்களை அளப்பார்கள், சீற், ஹாண்டில், கிளீற் மூன்றையும் மாற்றுவார்கள். கிளீற் போட்டு வாரா வாரம் நீண்ட தூரம் ஓடுகிறவருக்கும், சத்திரசிகிச்சை செய்த முழங்கால் உள்ளவருக்கும் அந்தக் காசு வீண்போகாது. சாதாரணச் சைக்கிளில் மாற்றக்கூடியதே இரண்டு மூன்று விடயம்தான்.

வீட்டில் செய்ய ஒரு போனும் ஒரு கூட்டாளியும் போதும். சைக்கிளுக்குப் பக்கத்தில், பெடல் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் நடுவில் போனைப் பிடித்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பெடல் ஆகக் கீழே வரும் கணத்தில் நிறுத்தி மடிப்பைப் பாருங்கள். பின்னாலிருந்தும் எடுங்கள். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீற் உயரம் கூட. முதலில் உயரம், பிறகு முன் பின், கடைசியில் ஹாண்டில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கம்பியில் ரேப் ஒட்டி பழைய அளவைக் குறித்துவிட்டு மாற்றினால் திரும்பிப் போக வழி இருக்கும்.

நீங்க சொன்ன எல்லாம் செஞ்சிட்டன். பிறகும் நோகுது.

தூரத்தை எப்படிக் கூட்டினீர்கள்? நாளாந்தம் டவுனுக்குப் போய்வருகிறவர் ஒரு ஞாயிறு கூட்டாளிமாரோடு மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். அடுத்த நாள் முழங்கால் பேசத்தான் செய்யும். வாரத்துக்குப் பத்து வீதம் கூட்டுவது ஒரு தோராயமான அளவு.

சைக்கிளில் இல்லாத நேரத்தையும் யோசியுங்கள். நாள் முழுக்க வயலில் குந்தி நாற்று நடுகிறவர், தரையில் முழங்காலூன்றி மாபிள் பதிக்கிறவர், பின்னேரம் சைக்கிளில் ஏறும்போது நோகுது என்றால் சைக்கிள் சாட்சி மட்டுமே. தொடையும் பிட்டமும் பலமாக இருந்தால் முழங்காலுக்கு வேலை குறையும். மல்லாந்து படுத்து, நீட்டிய காலை ஒரு முழம் உயர்த்தி ஐந்து வினாடி பிடிப்பது, முழங்காலை மடித்துப் படுத்து இடுப்பை உயர்த்துவது, ஒரு படியில் மெதுவாக ஏறி இறங்குவது, இந்த மூன்றையும் ஒன்றுவிட்ட நாள் செய்தால் போதும்.

நோகேக்க ஓடாம விடுறதா, எண்ணெய் பூசுறதா, பனடோல் போடுறதா?

ஓடும்போது இலேசாக நோவு, வீட்டுக்கு வந்ததும் மாறுகிறது என்றால் தூரத்தைப் பாதியாக்கி இலேசான கியரில் ஓடலாம். ஓட ஓடக் கூடினாலோ அடுத்த நாள் படி இறங்க முடியாவிட்டாலோ சில நாள் விடுங்கள். எண்ணெய் பூசித் தடவுவதும் சித்தாலேப தேய்ப்பதும் இதமாக இருக்கும், சீற்றை உயர்த்தாது. வீங்கினது போல இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம்.

மாத்திரை போட்டு நோவை மறைத்துக்கொண்டு ஓட வேண்டாம். டைக்குளோபினாக் போன்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் தாக்கும், வைத்தியரைக் கேட்காமல் தொடராதீர்கள். மாரி காலத்தில் காய்ச்சலோடு மூட்டெல்லாம் நோகுது என்றால் அது சைக்கிள் நோவே இல்லை. டெங்கு என்றால் அந்த மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். நேரே வைத்தியரிடம் போங்கள்.

எப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

முழங்கால் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், மடங்கின கால் நிமிராமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது சட்டென்று விட்டுக்கொடுத்தால், இரவில் நோவு எழுப்பினால், விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டால் தாமதிக்க வேண்டாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவதும் அப்படித்தான், அது இரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். இவை எதுவும் இல்லாமல், மேலே சொன்ன மாற்றங்களைச் செய்தும் சில வாரங்களில் குறையாவிட்டாலும் காட்டுங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை எல்லாம் அரச வைத்தியசாலைகள், வெளிநோயாளர் பிரிவில் காட்டக் காசு இல்லை. எவ்விடத்தில், எப்போது, எவ்வளவு தூரம் ஓடினால் நோகிறது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கும் இயன்மருத்துவருக்கும் வேலை சுகம்.

வாப்பாக்கு 68 வயசு, முழங்கால் முழுசா மடங்காது. அவர் ஓட ஏலுமா?

வைத்தியர் மறுக்காவிட்டால் ஏலும். அவருக்கு முதல் கேள்விக்கான பதிலையே திரும்பக் காட்டுங்கள். அவருடைய சிக்கல் பெடல் மேலே வரும்போதுதான், அங்கேதான் முழங்கால் ஆக அதிகம் மடங்குகிறது. சீற்றை உயர்த்தினால் மேலேயும் மடிப்புக் குறையும், ஆனால் கீழே எட்டாமல் போகும் எல்லை உண்டு. அதற்கு மேல் தேவை என்றால் கட்டையான கிராங் போட வேண்டும். பெரியவர்கள் சைக்கிளில் பெரும்பாலும் 170 மில்லிமீற்றர் இருக்கும், சிறுவர் சைக்கிள்களில் அதைவிடக் கட்டை. அச்சுப் பூட்டும் வகை பொருந்துகிறதா என்று கடைக்காரரோடு பார்த்து மாற்றலாம். கிராங் கட்டையானால் கியர் பாரமாகத் தெரியும், ஆகவே பிரீவீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் உள்ளவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் கட்டையான கிராங் போடுவது உண்டு, செயற்கைக் கால் பொருத்தியவரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். இரு சாராருக்கும் குறுக்குப் பார் இல்லாத லேடீஸ் பிரேம்தான் நல்லது. காலை உயரத் தூக்கி ஏற வேண்டியதில்லை, அவசரத்தில் இறங்கவும் சுகம்.